நெய்யாற்றின்கரை நாலு

அன்பு மகளே,

கண்ணூரிலிருந்து நீ அனுப்பிய சதுரங்க நகர்த்தலுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. நேற்று மறுபடியும் கைபேசியில் உன் குரல் வந்தது: "அப்பா, யோசிக்கிறியளா, இல்ல மறந்து போனியளா?" மறக்கவில்லை. என் பதில் இந்தக் கடிதத்தின் கடைசியில் இருக்கிறது. அங்கே தாவிப் போய்விடாமல் முதலிலிருந்து கேள். 'படி' என்று சொல்லாமல் 'கேள்' என்று சொல்கிறேன். ஏனென்றால் இதை உனக்கு வாசிக்கப் போவது உன் கைபேசிக்குள் இருக்கும் அந்தப் பெண்குரல். நீ பிரெயிலில் மலையாளம் படித்தவள். தமிழை வீட்டில் காதால் படித்தவள். அந்தப் பெண்குரல் நம் ஊர் பாறசாலையை வேறு ஏதோ ஊராக்கிவிடும், நெய்யாற்றின்கரை என்று வந்தால் நடுவில் மூச்சு வாங்கும். பொறுத்துக்கொள். உன் அப்பா காலமெல்லாம் கணக்கு வாத்தியாராக இருந்தவன். விடையை மட்டும் எழுதினால் மதிப்பெண் கிடையாது, வழியையும் எழுத வேண்டும் என்று பிள்ளைகளிடம் சொல்லிச் சொல்லி, சுருக்கமாக எழுதவே வராமல் போய்விட்டது.

இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுவதற்கும் ஒரு காரணம் உண்டு. திருவனந்தபுரத்தில் நீ தங்கிப் படித்த பார்வையற்றோர் பள்ளியில், சென்ற மாதம் பெற்றோர் கூட்டத்துக்கு என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பேச்செல்லாம் முடிந்து தேநீர் குடிக்கும்போது கோட்டுகாலிலிருந்து வந்த ஒரு அம்மா என்னிடம் வந்தார். "சாரே, பஸ்ஸுல போகும்போ மோனுக்கு மொபைல் குடுத்தா ஒரு சத்தமும் இல்ல. காதுல அத மாட்டிக்கிட்டு அவன் பாட்டுக்கு கேம் களிச்சுட்டு இருக்கான். ஆனா பக்கத்துல இருக்குது அம்மையா வேற யாராவதான்னு கூட அவனுக்குத் தெரியாது. நீங்க எப்படி மோளக் கொண்டு போனிய?" என்று கேட்டார். நான் அரை மணி நேரம் பதில் சொன்னேன். அவருடைய பேருந்து போயே போய்விட்டது. "இத எழுதித் தந்தா நல்லாருக்கும்" என்றார் பாவம். எழுதட்டுமா என்று உன்னிடம் கேட்டேன். நீ ஒரே ஒரு நிபந்தனை வைத்தாய்: "எழுதுங்க. ஆனா என்னப் பாவம்னு எழுதப்பிடாது." அப்படி எழுத எனக்கு ஒரு வரிகூடக் கிடைக்காது, மகளே.

உனக்கு நினைவிருக்கும், ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்ததும் உனக்கு வயிறு வலிக்கும். காலையில் ஆலயத்தில் வலிக்காது, பிரியாணி சாப்பிடும்போது வலிக்காது, மாலை ரயில் வண்டிக்குப் பெட்டி எடுத்து வைக்கும்போது வலிக்கும். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வரும் வண்டியில் உனக்கு எந்த நோயும் இருந்ததில்லை. உன் அம்மா ஓமம் காய்ச்சித் தருவாள். நான் அதை வயிற்று வலி என்று எடுத்துக்கொள்ளவில்லை, பொய் என்றும் எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு மணி நேரப் பயணம் ஒரு சின்னப் பிள்ளைக்கு ஒரு வார நீளமாக இருந்தது, அவ்வளவுதான். ஜன்னலோர இருக்கை கொடுத்தால் மற்ற பிள்ளைகளுக்கு நேரம் போய்விடும். உனக்கு ஜன்னல் என்பது காற்று வரும் இடம். ஆகவே வண்டிக்குள்ளேயே ஏதாவது செய்தாக வேண்டும் என்று, பையில் கொண்டு போகக்கூடிய விளையாட்டுகளைத் தேட ஆரம்பித்தேன்.

முதலில் சீட்டுக்கட்டு. ஒவ்வொரு சீட்டிலும் ஊசியால் குத்திப் புள்ளி எழுப்பினேன். விரலால் தடவிப் பார்த்து நீ அழகாகக் களித்தாய். ஆனால் ஓடும் வண்டியின் காற்றுக்குச் சீட்டின் மேல் மரியாதை கிடையாது. அமரவிளை தாண்டி நெய்யாற்றுப் பாலத்தில் வண்டி ஏறிய சமயத்தில் ஸ்பேடு ராணி ஜன்னல் வழியாகப் போய்விட்டாள். அதன்பிறகு வண்டி பாலத்தில் ஏறும் சத்தம் கேட்டாலே நீ, "ராணி, சுகமா?" என்று ஆற்றைப் பார்த்துக் கேட்பாய். அடுத்தது லூடோ. பகடையை உருட்டினால் அது எதிர் இருக்கைக்கு அடியில் போகும். ஒவ்வொரு முறையும் யாராவது குனிந்து எடுத்துத் தர வேண்டும். ஒரு பெரியவர் இரண்டு முறை எடுத்துத் தந்துவிட்டு மூன்றாம் முறை, "மோளே, ஆறு விழுந்திருக்கு, நான் பார்த்தேன்" என்று அங்கிருந்தே சொல்லிவிட்டார். நீ நம்பவில்லை. பிறகு திருவனந்தபுரம் சாலைக் கடைவீதியில் காந்தம் வைத்த சதுரங்கப் பலகை ஒன்று வாங்கினேன். வண்டி எவ்வளவு குலுங்கினாலும் காய் விழாது என்றார் கடைக்காரர். அது உண்மைதான். ஆனால் நீ தடவிப் பார்க்கும்போது காய்கள் வழுக்கி நகர்ந்தன, பக்கத்துக் காந்தம் இழுத்து இரண்டு சிப்பாய்கள் ஒட்டிக்கொண்டன. உன் சாப்பாட்டு டப்பாவின் மூடியில் ஒரு குதிரை ஏறி நின்றது. "அப்பா, இது யுத்தம் இல்ல, கல்யாணம்" என்றாய்.

இந்தத் தோல்விகளை எல்லாம் கோட்டுகால் அம்மாவுக்காகத்தான் எழுதுகிறேன். குழந்தையோடு பயணம் போகிறவர்கள் கடையில் கேட்க வேண்டிய கேள்வி 'எவ்வளவு சின்னது' என்பதல்ல. 'கை பட்டால் என்ன ஆகும்' என்பதுதான்.

கடைசியில் உன் பள்ளியிலேயே விடை இருந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு துளை, ஒவ்வொரு காயின் அடியிலும் ஒரு முளை. கறுப்புக் கட்டங்கள் கொஞ்சம் மேடாக இருக்கும். கறுப்புக் காய்களின் தலையில் சின்னதாக ஒரு முள் இருக்கும். அப்படி ஒரு பலகையை வாங்கி வந்தேன். மடித்தால் சோற்றுப் பொட்டலம் அளவு. உன் அம்மா அதற்கு ஒரு துணிப்பை தைத்து, உள்ளே இரண்டு அறை வைத்தாள். "இதுல உயிரோட உள்ளவனுவ. இதுல செத்தவனுவ. கலந்து போட்டா நான் தேடித் தரமாட்டேன்" என்று சொல்லிக் கொடுத்தாள். அவளுக்குச் சதுரங்கம் தெரியாது. ஆனால் நம் வீட்டுச் சதுரங்கத்தின் ஒரு பெரிய சண்டையைத் தீர்த்தவள் அவள்தான். எனக்கு மூலையில் நிற்பது யானை. உன் பள்ளியில் மலையாள வழக்கப்படி மூலையில் நிற்பது தேர், சரிவாகப் போவது ஆனை. 'யானை' என்று நீ சொன்னால் நான் ஒன்றைத் தூக்குவேன், நீ வேறொன்றை நினைத்திருப்பாய். அம்மா அரிசி களைந்துகொண்டே தீர்ப்புச் சொன்னாள்: "மூலையில நிக்கது யானை. சரிஞ்சு போறது பிஷப்பு. பிஷப்புமாரு நேரா நடந்து நான் கண்டதில்ல." அன்றோடு முடிந்தது.

ஆனால் ஞாயிறு மாலை வண்டியில் எப்போதும் உட்கார இடம் கிடைக்குமா? நிற்கவே இடமில்லாத ஒரு நாளில், ஒரு கையால் கம்பியையும் மறு கையால் என் சட்டையையும் பிடித்துக்கொண்டு நீ கேட்டாய்: "பலக இல்லாம களிச்சா என்ன?" கட்டங்களுக்குப் பெயர் வேண்டுமே என்றேன். சதுரங்கத்தில் இடமிருந்து வலமாக எட்டு வரிசை. என் மாணவர்களாக இருந்தால் ஆங்கில எழுத்தில் சொல்லியிருப்பார்கள். அந்த வண்டிச் சத்தத்தில் அந்த எழுத்துகள் எல்லாம் ஒன்றுபோலவே கேட்கும். நீ என் சட்டையை விட்டுக் கையை விரித்தாய். பிறகு, அம்மா வீட்டு ஊரிலிருந்து உன் பள்ளிக்கூடம் வரைக்கும் வண்டி நிற்கும் இடங்களை ஒவ்வொரு விரலாக மடக்கிச் சொன்னாய்: "குழித்துறை, பாறசாலை, தனுவச்சபுரம், அமரவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம், நேமம், திருவனந்தபுரம். எட்டு அப்பா." குழித்துறை மேற்கு என்ற சின்ன நிறுத்தத்தை விட்டுவிட்டாயே என்றேன். "அது பலகைக்க விளிம்பு" என்றாய்.

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே நெஞ்சு நிறைந்தது. நான் வகுப்பில் வரைபடத்தாளைக் கரும்பலகையில் ஒட்டி, குறுக்கே ஒரு கோடு, நெடுக்கே ஒரு கோடு என்று வருடம்தோறும் கத்திக்கொண்டிருந்த பாடம் அது. என் மகள் ஒரு ரயில் பாதையை எடுத்துக் குறுக்குக் கோடாக்கிவிட்டாள். ராஜா எங்கே நிற்பார்? ஐந்தாவது வரிசையில், தாலுகா ஆபீசும் கோர்ட்டும் உள்ள நெய்யாற்றின்கரையில். ராணி பக்கத்து அமரவிளையில். ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினால் அது 'நெய்யாற்றின்கரை நாலு'. நேமம் ஸ்டேஷனின் பெயரைப் பிற்பாடு மாற்றினார்கள். நம் பலகையில் மாற்றவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு உனக்கு வயிறு வலித்ததாக எனக்கு நினைவில்லை.

இதனால் ஒரு கூத்தும் நடந்தது. பள்ளி நாட்களில் நீ முதல் முறையாக வெளியூர்ப் போட்டிக்குப் போனாய். பார்வையில்லாதவர்கள் ஆடும்போது ஆளுக்கொரு பலகை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நகர்த்தலையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எதிரே இருந்த பெண்ணிடம் நீ தலையை நிமிர்த்தி, தெளிவாக, "நெய்யாற்றின்கரை நாலு" என்றாய். அந்தப் பெண் உனக்கு எந்த ஊர் என்று கேட்டதற்குப் பதில் சொல்கிறாய் என்று நினைத்து, "நான் திருச்சூர்" என்றாள். நடுவர் ஓடி வந்தார். உலகம் முழுக்க அந்த வரிசைகளுக்கு அன்னா, பெல்லா, சீசர் என்று வேறு பெயர்கள் உண்டு என்று அவர் சொன்னபோது உன் முகத்தில் ஒரு ஏளனம் வந்ததே, அதை நான் மறக்கவில்லை. "அப்பா, அவங்க ஊருல ஸ்டேஷனுக்கெல்லாம் ஆளுக்க பேரா வச்சிருக்கது?" அன்று நீ தோற்றாய். அடுத்த போட்டிக்குள் அன்னாவையும் பெல்லாவையும் மனப்பாடம் செய்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் மறுபடி குழித்துறையில் ஏறினாய். இரண்டு உலகத்துக்கும் பெயர் தெரிந்தவள் நீ. எல்லையில் பிறந்தவர்களுக்கு இது இயல்பு; கடைக்காரரிடம் மலையாளம், கறிக்குழம்பிடம் தமிழ் என்று நாம் நாள் முழுக்க மாற்றிக்கொண்டே இருக்கிறோம்.

அந்தப் போட்டியில் நான் கற்ற ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். கண் தெரிந்தவர்களின் சதுரங்கத்தில் ஒரு காயைத் தொட்டுவிட்டால் அதைத்தான் நகர்த்த வேண்டும். உங்கள் ஆட்டத்தில் அப்படி இல்லை. எத்தனை முறை வேண்டுமானாலும் தொட்டுப் பார்க்கலாம். துளையிலிருந்து பிடுங்கினால்தான் தொட்டதாகக் கணக்கு. இதை உனக்குச் சலுகை என்று யாராவது சொன்னால் நம்பாதே. எனக்கு இதுதான் சரியான விதி என்று தோன்றுகிறது. வேலையோ, வீடோ, நாளைக்கு உனக்கென்று ஒரு மாப்பிள்ளையோ, எல்லாவற்றையும் நிதானமாகத் தடவிப் பார். விளிம்பு எங்கே, முள் எங்கே என்று பார். அவசரப்படுத்துகிறவர்களிடம், இன்னும் பிடுங்கவில்லை என்று சொல். பிடுங்கிவிட்டால் பின்வாங்காதே.

இனி கண்ணூர் விஷயத்துக்கு வருகிறேன். வங்கித் தேர்வில் நீ வென்று, கண்ணூரில் வேலை என்று உத்தரவு வந்த நாளில் உன் அம்மா தெரு முழுக்க லட்டு கொடுத்தாள். நான் என் பயணப்பையைத் தூசி தட்டினேன். அன்று சாப்பாட்டு மேசையில் நடந்ததை நான் ஒன்றும் கூட்டாமல் எழுதுகிறேன்.

"நானும் கண்ணூர் வரைக்கும் வாறேன்" என்றேன். "ஹாஸ்டலுக்கும் பேங்குக்கும் வழி பழக்கித் தந்துட்டு திரும்புதேன்."

"வழி பழக்க ஆளு உண்டு அப்பா. பேங்குல வேல பாக்குற ஒரு சேச்சி அதே ஹாஸ்டல்லதான் இருக்காவ. ஸ்டேஷனுக்கு வாறேன்னு சொல்லியாச்சு."

"அது கண்ணூர்ல. பகல் முழுக்க வண்டியில யாரு உண்டு?"

"வண்டியில எனக்கு என்ன வழி பழகணும்? அது தண்டவாளத்துல தானே போவும்."

உன் அம்மா மீன் முள்ளை ஒதுக்கிக்கொண்டே சொன்னாள்: "அவளுக்கு கண்ணுக்கு ஆக்கும் கொறவு. உங்களுக்கு நெஞ்சுக்கு."

நான் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டேன். நீ பின்னாலேயே வந்து, கோபமில்லாமல் ஒரு காரியம் சொன்னாய். நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துத் தேநீர்க் கடையில், நீ என் பக்கத்தில் நிற்கும்போதே கடைக்காரர் என்னைப் பார்த்து, "மோளுக்கு மதுரம் வேணோ?" என்று எப்போதும் கேட்பார். நானும், "கொஞ்சம் மதி, கொஞ்சம் போதும்" என்று எப்போதும் பதில் சொல்வேன். "எனக்கு மதுரம் கூடுதல் வேணும்ப்பா. எத்தன வருஷமாட்டு நான் சப்புன்னு குடிக்கேன் தெரியுமா?" என்றாய். "மொத நாளு உங்க கையப் பிடிச்சுட்டு பேங்குல போய் நின்னா, பின்ன எங்கிட்ட கேக்க வேண்டியத எல்லாம் அவிய உங்ககிட்டதான் கேப்பாவ. நீங்க ஊருக்குத் திரும்பின பிறகும் உங்களத்தான் போன்ல கூப்பிட்டு கேப்பாவ."

நீ சொன்னது எனக்கு விளங்கியது. விளங்கியது வேறு, ஒத்துக்கொள்வது வேறு. வகுப்பில் எத்தனை பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். கணக்கு விளங்கிவிட்டது என்று தலையாட்டுவார்கள், பரீட்சையில் பழையபடியே செய்து வைப்பார்கள். நானும் மறுநாள் அதே பையை மறுபடி தூசி தட்டினேன்.

அந்த வாரம் அம்மா வீட்டில் ஜெபக்கூட்டம் முடிந்து, உனக்குப் புதுப்பெட்டி வாங்குவதற்காக நாம் மூன்று பேரும் குழித்துறையில் திருவனந்தபுரம் பாசஞ்சரில் ஏறினோம். அம்மாவுக்கு மட்டும் இடம் கிடைத்தது. நாம் கதவோரம் நின்றோம். வண்டி கிளம்புவதற்கு முன்பே நீ பேரம் பேசினாய். "ஒரு களி. பலக வேண்டாம். நீங்க ஜெயிச்சா கண்ணூர் வரைக்கும் கூட வாங்க, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். சமன் ஆனா எர்ணாகுளம் வரைக்கும் வாங்க. நான் ஜெயிச்சா பாறசாலை பிளாட்பாரத்தோட நின்னுக்கிடணும்." உன் அம்மா உள்ளேயிருந்து, "நான் எல்லாம் கேட்டுட்டுதான் இருப்பேன். தர்க்கம் வந்தா நான் ஆக்கும் ஜட்ஜு" என்றாள்.

நான் ஒத்துக்கொண்டேன். உனக்கு எட்டு வயதாக இருந்த காலத்திலிருந்து நான் உனக்காக ஒரு ஆட்டமும் விட்டுக்கொடுத்ததில்லை. அன்றும் விட்டுக்கொடுக்கும் எண்ணம் சுத்தமாக இல்லை. இதை நீ நம்பலாம்.

"நெய்யாற்றின்கரை நாலு" என்றேன்.

"தனுவச்சபுரம் அஞ்சு" என்றாய்.

பக்கத்தில் நின்ற ஒருவர் பதறிப்போய், "சாரே, நெய்யாற்றின்கரையில் நாலாம் பிளாட்பாரமோ? அவிடெ நாலொண்ணும் இல்லல்லோ" என்றார். களி என்று விளக்கினேன். அவர் நெய்யாற்றின்கரையில் இறங்க வேண்டியவர், ஆனால் விளக்கம் கேட்டபின் காது கொடுத்து நின்றுவிட்டார்.

அன்று நான் நன்றாக ஆடினேன், மகளே. அமரவிளை வருவதற்குள் என் குதிரைகளைக் கொடுத்து உன் குதிரைகள் இரண்டையும் எடுத்துவிட்டேன். உன் ராஜா நேமத்தில் அடைந்து கிடந்தார். என் படை எல்லாம் நேமத்தையும் திருவனந்தபுரத்தையும் பார்த்துத் திரும்பியிருந்தது. வண்டி பாலத்தில் ஏறியதும் நீ வழக்கம்போல, "ராணி, சுகமா?" என்று ஆற்றைக் கேட்டாய், உன் குரலில் கொஞ்சம் கவலை இருப்பதாக எனக்குத் தோன்றியது. பாலராமபுரம் நெருங்கும்போது நீ மெல்லச் சொன்னாய்: "அப்பா, சமன் ஆக்கலாமா? எர்ணாகுளம் வரைக்கும் வாங்க."

எனக்குக் கண்ணூரே தெரிந்துகொண்டிருந்தது. "வேண்டாம்" என்றேன்.

"கிட்டினத வாங்கி வச்சுக்கிடணும்" என்றாள் அம்மா உள்ளேயிருந்து.

பாறசாலை வரிசையின் அடியில் காவலுக்கு நின்ற என் யானையை அமரவிளைக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து நேராக உன் ஏழாம் கட்டத்துக்கு ஏற்றினேன். இடையில் நீ, "பாறசாலை மூணு" என்றாய். பிறகு, "பாறசாலை ரெண்டு" என்றாய். ஏதோ செய்ய ஒன்றுமில்லாமல் ஒரு சிப்பாயைத் தள்ளுகிறாய் என்று நினைத்தேன். ராஜாவுக்குச் செக் சொன்னேன். நீ அவரைத் திருவனந்தபுரம் மூலைக்கு நகர்த்தினாய். அடுத்து என்ன என்று நான் யோசித்து, ஒரு சிப்பாயை முன்னேற்றினேன்.

"பாறசாலை ஒண்ணு" என்றாய். "சிப்பாய ராணி ஆக்குதேன். செக்."

"அங்க எனக்க யானை நிக்குதே."

"நிக்கல்ல அப்பா. நீங்கதானே அத அமரவிளைக்கு அனுப்பினிய."

"பாலராமபுரம் தாண்டினப்பம்" என்றாள் ஜட்ஜு. "நான் கேட்டேன்."

எனக்கு அந்த யானை அங்கேயே நின்றுகொண்டிருந்தது. என் தலைக்குள் இருந்த பலகை எப்போதோ நின்று போயிருந்தது. உன் தலைக்குள் இருந்த பலகை ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நின்று, ஆளை இறக்கி ஏற்றி, சரியாக ஓடிக்கொண்டிருந்தது. நான் எதிர்ப் பக்கத்துக் கோட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நம் ஊரிலிருந்து புறப்பட்ட ஒரு சிப்பாய் ஒவ்வொரு கட்டமாக நடந்து, யார் துணையும் இல்லாமல் அந்தக் கரை போய்ச் சேர்ந்ததை நான் கவனிக்கவே இல்லை. நேமத்தில் வண்டி நின்றபோது தோல்வியை ஒத்துக்கொண்டேன். இறங்க வேண்டிய ஊரை விட்டுவிட்டு அதுவரை வந்திருந்த அந்த மனிதர் என் தோளில் கை வைத்து, "மோளோடல்லே தோற்றது சாரே, குழப்பமில்ல" என்று தேற்றினார். "குழப்பமா? எனக்க ஆயுசுல இதுபோல ஒரு களி நான் கண்டதில்ல" என்றேன். உண்மையாகவே சொன்னேன். தோற்றவன் இப்படிச் சிரிக்கிறானே என்று அவர் நினைத்திருப்பார்.

நீ கண்ணூருக்குப் புறப்பட்ட நாளில், சொன்ன சொல்படி பாறசாலை பிளாட்பாரத்தோடு நின்றேன். நீ கோலை நீட்டிக்கொண்டு முன்னால் நடந்தாய். நான் பத்தடி பின்னால் வந்தேன். ரயில் பெட்டி வாசலில் ஒருவர் நல்ல மனதோடு உன் கையை எட்டிப் பிடித்து இழுத்தார். நீ அவர் கையை மெதுவாக விலக்கி, அவருடைய முழங்கையை நீ பிடித்துக்கொண்டு, "சேட்டா, பிடிக்கண்டா. ஞான் பிடிச்சோளாம்" என்றாய். அவரும் சரி என்று நடந்தார். என் கை எனக்குத் தெரியாமலே முன்னால் நீண்டிருந்தது. அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். வண்டி போன பிறகு உன் அம்மா, "அழுறதுனா இங்கயே அழுதுட்டு வாங்க. போற வழியில பால் வாங்கணும்" என்றாள். அவளுடைய முந்தானை நுனி நனைந்திருந்ததை நான் பார்த்தேன் என்று அவளிடம் சொல்லவில்லை. இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

மாலையில் உன் குரல் வந்தது. கொல்லத்தில் ஏறிய ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் உன் துளைப்பலகையைப் பார்த்துவிட்டு, தானும் இளமையில் பெரிய ஆட்டக்காரன் என்றாராம். ஷொர்ணூரில் இறங்குவதற்குள் இரண்டு முறை தோற்றாராம். "மூணாவது களிக்கதுக்கு முன்ன ஸ்டேஷன் வந்துட்டு, அவரு தப்பிச்சாரு" என்றாய். கோட்டுகால் அம்மா இதைக் கவனிக்க வேண்டும். உன் கைபேசியிலும் சதுரங்கம் உண்டு, அது பேசவும் செய்யும், நீயும் அதில் ஆடுவதுண்டு. ஆனால் பலகையை மடியில் விரித்ததால்தான் எதிர் இருக்கைக்காரர் உனக்குத் தண்ணீர் வாங்கி வந்தார், ஷொர்ணூர் வந்தது என்று சொன்னார், இறங்கும்போது, "போட்டே மோளே, அடுத்த தவண ஞான் ஜயிக்கும்" என்றார். கைபேசி இதில் எதையும் செய்யாது. பையனுக்கு ஒரு காதை மட்டுமாவது திறந்து வைக்கச் சொல்லுங்கள் அம்மா. எதிரே இருப்பவரைத் தோற்கடிக்கும் ருசி ஒரு முறை கிடைத்துவிட்டால் மறு காதை அவனே திறந்துவிடுவான்.

ஒரு வாரம் கழித்து அடுத்த செய்தி. ஹாஸ்டல் சேச்சியிடம் நீ முதல் நாளே தேநீருக்குச் சீனி கூடுதலாகக் கேட்டு வாங்கியதாகவும், வங்கியில் எல்லோரும் எல்லாவற்றையும் உன்னிடமே கேட்பதாகவும், சில சமயம் தேவைக்கு அதிகமாகவே கேட்பதாகவும் சொன்னாய். பிறகு: "அப்பா, இனி பழைய பலக வேண்டாம். இங்கத்த ஸ்டேஷன் வச்சுக் களிப்போம். சின்ன நிறுத்தம் எல்லாம் விட்டாச்சு. வடகரை, மாஹி, தலசேரி, எடக்காடு, கண்ணூர், வளபட்டணம், பாப்பினிசேரி, பழையங்காடி. நான் வெள்ளை. கண்ணூர் நாலு. இனி நீங்க."

நான் பதில் சொல்லத் தாமதித்ததற்கு இதுதான் காரணம். இந்த ஊர்களில் ஒன்றிலும் நான் இறங்கியதில்லை. எது முன்னால், எது பின்னால் என்று தெரியாமல் ஒருவன் எப்படிச் சதுரங்கம் ஆடுவான்? மூன்று நாளாக மனப்பாடம் செய்கிறேன். உன் அம்மா காய் நறுக்கிக்கொண்டே கேள்வி கேட்கிறாள்: "எடக்காட்டுக்கு அடுத்து?" நான் வளபட்டணம் என்றால், "ராஜாவ விட்டுட்டு எங்க ஓடுதிய?" என்கிறாள். ராஜா நிற்கும் ஐந்தாவது வரிசையில் இப்போது கண்ணூர் இருக்கிறது. அது சரியான இடம்தான்.

நேற்றிரவு அவள் முன்னும் பின்னுமாகக் கேட்டும் நான் தவறவில்லை. ஆகவே இன்று பதில் சொல்லும் தகுதி எனக்கு வந்திருக்கிறது. அந்தப் பாசஞ்சர் வண்டியில் என் முதல் நகர்த்தலுக்கு நீ மூன்றாவது வரிசையிலிருந்து பதில் சொன்னாய். அதையே உன்னிடமிருந்து கடன் வாங்குகிறேன். உன் ஊரில், உன் பெயரில்.

தலசேரி அஞ்சு.

உன் முறை, மகளே.